நாலரை ஆறு முகூர்த்தமும் பெரியப்பாவின் வயிறும்

திருவந்திபுரத்தில் வயிறு கெட்டவர்கள் இரண்டு வகை. கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள் ஒரு வகை. அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு ஒரு டம்ளர் ஓமத் தண்ணீரில் மறுநாளே சரியாகிவிடும். என் பெரியப்பா இரண்டாவது வகை. வாழ்நாளில் பாதியைக் கல்யாணச் சமையலிலேயே கழித்தவர்.

கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது ஊர். தேவநாதப் பெருமாள் கோயில், எதிரே ஔஷதகிரி என்கிற சின்ன மலை, 74 படி ஏறினால் ஹயக்ரீவர். பெயரிலேயே மருந்து உள்ள மலை. சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஐதீகம். கோயிலில் சேஷ தீர்த்தக் கிணற்றில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு வேண்டிக்கொள்வார்கள். ஆனால் கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்து ஜனங்களுக்குத் திருவந்திபுரம் என்றால் கல்யாணம்தான். "பெருமாள் சன்னதியிலயே தாலி கட்டிடறோம்னு வேண்டிக்கிட்டோம்" என்று வருவார்கள். பெரிய முகூர்த்த நாளில் ஒரே காலையில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பதை அந்த ஊரில்தான் பார்க்கலாம்.

நாலரை ஆறு முகூர்த்தம் என்றால் சமையல்காரனுக்கு அது முந்தின நாள் மத்தியானமே தொடங்கிவிடும். மளிகையைச் சரிபார்த்து, கோட்டை அடுப்பு வெட்டி, காய் நறுக்கும் பெண்களை உட்காரவைத்து, பெண்ணழைப்பு விருந்தை முடிக்க ராத்திரி பதினொன்று ஆகும். பாத்திரம் கழுவி வருவதற்குள் தேங்காய் துருவ வேண்டும், மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டரைக்குக் காபிக்குத் தண்ணீர் கொதிக்கும். மூன்றரைக்கு இட்லி முதல் ஈடு. தாலி கட்டும்போது டிபன் பந்தி ஓடிக்கொண்டிருக்கும். மறுபக்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாம்பார் கொதிக்கும். கடைசிப் பந்தி எழுந்த பிறகு, மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ, பெரியப்பா சாப்பிட உட்காருவார். "எனக்கு மோர் மட்டும் ஊத்து" என்பார். வாசனை குடித்தே வயிறு நிரம்பிவிடும் என்பது அவர் வாதம். இரவு முழுக்க உப்பு பார்த்த நாலு பருக்கை, எண்ண முடியாத காபி, வெற்றிலை, பீடி. அதுதான் அவர் ஆகாரம்.

விளைவு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், மூன்று நாளைக்கு ஒருமுறை கொல்லைக்குப் போய் அரை மணி நேரம். அந்தக் காலத்தில் பத்திரிகையில் எழுதாத விஷயம் இது. வீட்டுக்குள் மட்டும் ஓயாமல் பேசுவோம். "வயிறு கல்லாட்டம் கெடக்குது" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. பெரியம்மா செய்யாத வைத்தியமும் இல்லை. சுக்குக் கஷாயம், வேப்பம்பூ ரசம், நார்த்தங்காய், மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய். விளக்கெண்ணெய் அன்று வேலை செய்யும், மறுநாள் பழையபடி. "இவரு வயித்துக்கு ராத்திரியும் தெரியல, பகலும் தெரியல" என்று பெரியம்மா எரிச்சலில் சொல்வாள். மருத்துவம் படித்தவர்கள் எழுதியதை நான் வெகுகாலம் கழித்துப் படித்தேன். பெரியம்மா சொன்னதற்கு மேல் அவர்கள் அதிகம் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், மொட்டை மாடியில் பாட்டில்கள் முளைத்தன. புதுப்பாளையத்தில் இயற்கை வைத்தியத்தில் பித்துப் பிடித்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கொடுத்த யோசனை. சூரிய கிரண சிகிச்சை. மஞ்சள், பச்சை, நீல நிறக் கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைக்க வேண்டும். மஞ்சள் தண்ணீர் மலத்தை இளக்கும், நீலம் வயிற்றோட்டத்தைக் கட்டும். நிற பாட்டில் கிடைக்காவிட்டால் சாதா பாட்டிலில் கண்ணாடித்தாள் சுற்றினாலும் போதுமாம். பெரியப்பாவுக்கு மஞ்சள். எனக்கும் தம்பிக்கும் பாட்டிலைத் திருப்பி வைக்கிற வேலை. காக்கை வந்து தாளைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்வது உபவேலை.

இந்தச் சிகிச்சை ஏதோ நம் ரிஷிகள் கண்டது என்றுதான் வாத்தியார் சொன்னார். உண்மையில் அது அமெரிக்கச் சரக்கு. எட்வின் பாபிட் என்பவர் 1878இல் ஒளியையும் நிறத்தையும் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று போட்டார். அதிலிருந்துதான் இந்தியா முழுக்க நிற பாட்டில்கள் பரவின. நம்மூர் இயற்கை வைத்தியர்கள் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். ஒளி வைத்தியம் என்றாலே பொய் என்றும் அப்போது சொல்ல முடியாது. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தி 1903இல் நோபல் பரிசே வாங்கியிருந்தார். ஆனால் ஃபின்சன் ஒளியை நோயின் மீது பாய்ச்சினார். பாபிட் வழிவந்தவர்கள் அதைத் தண்ணீரில் பிடித்துவைக்கப் பார்த்தார்கள். மஞ்சள் பாட்டிலிலிருந்து டம்ளருக்கு வந்த தண்ணீர் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். வேறொன்றும் அதில் கிடையாது.

ஆனாலும் பெரியப்பாவுக்குக் குணம் தெரிந்தது. அதுதான் வேடிக்கை. பத்து நாளில் ஏப்பம் அடங்கியது. காலையில் எழுந்ததும் வேலை முடிந்தது. அதை ஊருக்கே சொன்னார். ஆவணி முதல் முகூர்த்தம் வந்தது, வயிறு மறுபடி கல்லானது. "பாட்டில வெயில்ல ஒழுங்கா வெச்சீங்களாடா?" என்று எங்கள் மேல் பாய்ந்தார். பிறகு மார்கழி வந்தது, வயிறு தானாகச் சரியானது. இப்படியே வருஷா வருஷம். கல்யாணம் இல்லாத மாதங்களில் பெரியப்பாவின் வயிறு நல்ல வயிறு. ஆடியில் குணமாகும், ஆவணியில் கெடும். மார்கழியில் குணமாகும், தையில் கெடும். இந்தக் கணக்கு எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் பச்சையாகத் தெரிந்தது. பாட்டிலுக்குத்தான் பேர் போனது.

பாட்டில் வைத்தியம் அவரைச் செய்யவைத்த வேறு சில காரியங்கள் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் மாடிக்குப் போய் பாட்டில்களை வரிசைப்படுத்துவார். கிழக்கே பார்த்துத் திண்டில் உட்கார்ந்து, முதல் டம்ளரைச் சிறுகச் சிறுகக் குடிப்பார். கேப்பர் மலை முந்திரிக் காட்டுக்கு மேல் வெயில் ஏறும் வரை அங்கேயே இருப்பார். இறங்கி வந்தால் கொல்லைதான். கல்யாணம் இல்லாததால் பொழுது சாயும் நேரத்தில் ராச்சாப்பாடு, ஒன்பதுக்குத் தூக்கம். சாயங்காலம் மலைப்படி ஒரு தடவை ஏறி இறங்குவார். ஹயக்ரீவர் மேல் பக்தி கொஞ்சம், கீழே படிக்கட்டு ஓரம் உட்காரும் கூட்டாளிகளோடு பேச்சு அதிகம். இவ்வளவும் வைத்தியர் எழுதித்தராத மருந்து.

அந்த மருந்து ஏன் வேலை செய்தது என்பதற்கு உடம்பின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நம் உடம்பின் பெரிய கடிகாரம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அதைத் தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். பார்ப்பதற்கு உதவும் செல்கள் போக, வெளிச்சத்தின் அளவை மட்டும் கடிகாரத்துக்குச் சொல்லும் தனிச் செல்கள் விழித்திரையில் உண்டு என்பதே 2002இல்தான் உறுதியானது. அந்தக் கடிகாரம் செல்லுக்குள் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசு. இரைப்பை, குடல், ஈரல், கணையம் என்று எல்லாவற்றுக்கும் சொந்தமாகக் குட்டிக் கடிகாரங்கள் உண்டு. அவை மூளைக் கடிகாரத்தையும் பார்க்கும், சாப்பாட்டு நேரத்தையும் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் சரி. பெரியப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் இரண்டும் சண்டை.

ராத்திரியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அமிலமோ முன்னிரவிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை அதிகம் சுரக்கும். அந்த நேரத்தில் காபியும் பீடியும் உள்ளே போனால் நெஞ்செரியாமல் என்ன செய்யும்? பெருங்குடல் தூக்கத்தில் அடங்கிக் கிடந்து, விழித்ததும் வேகமெடுக்கும். வயிற்றுக்குள் ஏதாவது விழுந்தால் இன்னும் வேகமெடுக்கும். எழுந்து, வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்திருந்தால் அழைப்பு தானாக வரும். அந்த அழைப்பு வரும் நேரத்தில் பெரியப்பா முகூர்த்த நாட்களில் அண்டா முன்னால் நின்றார். அடக்கினார். அடக்கிய அழைப்பு அடுத்த நாளும் வரும் என்று சொல்ல முடியாது.

வெளிச்சம் சீரணத்தைத் தொடுமா என்று நேராகப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். பகலெல்லாம் மங்கலான அறையில் இருப்பதையும், பிரகாசமான வெளிச்சத்தில் இருப்பதையும் ஒப்பிட்டு 2003இல் எழுதினார்கள். பகலில் நல்ல வெளிச்சம் பட்டவர்களுக்கு மாலைச் சாப்பாட்டின் மாவுச்சத்து நன்றாகச் செரித்தது. மங்கல் அறைக்காரர்களுக்குச் செரிக்காத மிச்சம் அதிகம் நின்றது. சின்ன ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்டக்கூடாது. ஆனால் நாம் வீட்டுக்குள் எவ்வளவு இருட்டில் இருக்கிறோம் என்பது நமக்கே தெரியாது. ட்யூப்லைட் எரியும் கூடத்தில் இருநூறு, முந்நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே காலை வெயில் சற்று ஏறினாலே பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகள் பனிக்காலத்தில் பத்தாயிரம் லக்ஸ் விளக்குப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்து, அதன் முன்னால் காலை உணவு சாப்பிடுகிறாள். குளிர்கால மனச்சோர்வுக்கு மருத்துவர் சொன்னது. சோர்வோடு வயிறும் ஒழுங்குக்கு வந்தது என்கிறாள். அவள் காசு கொடுத்து வாங்கும் வெளிச்சம் திருவந்திபுரத்தில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் சும்மா கிடைக்கிறது. நாம் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு போனைப் பார்க்கிறோம்.

இந்தக் கெடிலக் கரைக்கும் வயிற்று வலிக்கும் பழைய உறவு. ஏழாம் நூற்றாண்டில் இதே ஆற்றின் கீழ்க்கோடியில், திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்த அப்பருக்குச் சூலை நோய் கண்டது. தாங்க முடியாமல் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு அக்காவிடம் போனார். திலகவதியார் கோயிலைக் கூட்டி மெழுகப் புறப்படும் விடிகாலையில் தம்பியையும் கூட்டிப்போனார், நோய் தீர்ந்தது என்கிறது பெரியபுராணம். விடிகாலை வெளிச்சம்தான் தீர்த்தது என்று சொல்ல நான் வரவில்லை. அடிக்க வருவார்கள்.

வடலூர் வள்ளலார் பக்கம் மட்டும் துணிந்து சொல்லலாம். 1867இல் தருமசாலை தொடங்கி, பசியை நோய் என்று சொல்லி அணையா அடுப்பு மூட்டியவர். 1872இல் சத்திய ஞான சபை கட்டி ஒளியைக் கும்பிட வைத்தவர். அன்றாட ஒழுக்கத்தையும் எழுதிவைத்தார். சூரிய உதயத்துக்கு முன் எழு, இடது பக்கமாகப் படு. தைப்பூசத்துக்கு வடலூர் போய் காய் நறுக்கித் தருவது பெரியப்பாவின் வழக்கம். அங்கே கேட்டு வந்துதான் இடது பக்கம் படுக்க ஆரம்பித்தார். இரைப்பை இடது பக்கம் தாழ்ந்திருப்பதால் அப்படிப் படுக்கும்போது மேலே வந்த அமிலம் சீக்கிரம் கீழே இறங்கிவிடுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் அளந்து சொன்னார்கள். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இது செலவில்லாத நல்ல யோசனை.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் அடித்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து பல நாள் கரண்ட் இல்லை. அந்த இழப்பைப் பற்றிச் சொல்ல வேறு கட்டுரை வேண்டும். நான் ஊரில்தான் இருந்தேன். மெழுகுவத்தி விலை ஏறியது. மாவு ஆட்ட முடியாததால் கஞ்சியும் துவையலும். இருட்டுவதற்குள் சாப்பிட்டு, டிவி இல்லாமல், ஏழரைக்கே ஊர் அடங்கியது. விடிவதற்கு முன் எல்லோரும் எழுந்து தெருவில் நின்றோம். தொழிலை விட்டு வீட்டோடு இருந்த பெரியப்பா, சாய்ந்த மரங்களைப் பார்த்துவிட்டு, "மரம் போச்சு, வயிறு மட்டும் நல்லாருக்கு" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து, 2013இல், ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் எட்டுப் பேரை ஒரு வாரம் விளக்கில்லாமல் மலையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்துப் பார்த்திருந்தார்கள். அவர்கள் உடம்புக் கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் நகர்ந்து சூரியனோடு சேர்ந்துகொண்டது. அவர்கள் விரும்பிப் போனதை எங்கள் மேல் புயல் திணித்தது.

பெரியப்பா மாடியில் வரிசைப்படுத்திய நீல பாட்டில் என் ஞாபகத்துக்கு வந்தது அவர் போன பிறகு. கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் பேத்தி பிறந்த மூன்றாம் நாள், கண்ணில் கட்டுப் போட்டு, நீல விளக்கின் கீழ் படுத்திருந்தாள். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை. பெரியம்மா, "இளவெயில்ல காட்டினா போதும்டா, எதுக்கு லைட்டு" என்றாள். அந்த எண்ணத்தில்தான் அந்த வைத்தியமே பிறந்தது. 1950களில் இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் உலாவக் கொண்டுபோனார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கண்டார். 1958இல் அது மருத்துவக் கட்டுரையானது. நீல ஒளி தோலுக்குள் இருக்கும் பிலிருபினை உருமாற்றுகிறது. அது பித்தநீரோடு குடலுக்கு இறங்கி மலத்தோடு போய்விடுகிறது. பேத்திக்குப் பச்சையாக, இளக்கமாகப் போனபோது பயந்தோம். "நல்லதுக்குத்தான், மஞ்சள் வெளிய வருது" என்றார் நர்ஸ். ஒளி பட்டு வயிறு வழியாக நோய் இறங்குவதை என் கண்ணால் பார்த்தது அப்போதுதான். காமாலை ஏறிய குழந்தைக்கு ஜன்னல் வெயில் போதாது, அளவும் தெரியாது. பச்சைத் தோலை நேர் வெயிலில் போடுவது ஆபத்து. பெரியம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நர்ஸ் ஒருவரால்தான் முடிந்தது.

இன்னொன்றும் அப்புறம் படித்தேன். பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்டிம் அக்ரா என்பவர் 1980 வாக்கில், தெளிவான பாட்டிலில் தண்ணீரை வெயிலில் வைத்தால் அதிலுள்ள கிருமிகள் சாகும் என்று காட்டினார். ஆறு மணி நேர நல்ல வெயில் போதும். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். சுவிட்சர்லாந்துக்காரர்கள் அதைப் பல ஏழை நாடுகளில் பரப்பினார்கள். வயிற்றுப்போக்கைக் குறைக்கும் உண்மையான வெயில் தண்ணீர் அது. ஒரே நிபந்தனை, பாட்டில் நிறமில்லாமல் இருக்க வேண்டும். நிறக் கண்ணாடி வேண்டிய கதிர்களைத் தடுத்துவிடும். எங்கள் மாடியில் கண்ணாடித்தாள் சுற்றாமல் விட்ட சாதா பாட்டில் ஒன்று மூலையில் நிற்கும். பெரியப்பா அதைத் தொடவே மாட்டார்.

என் சொந்தப் பழக்கம் என்று கேட்டால் சிலவற்றைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். காலையில் காபிக்கு முன்னால் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் நிற்பது, எட்டு மணிக்குள் ராச்சாப்பாடு, அழைப்பு வந்தால் போன் வந்தாலும் எழுந்து போவது. பாட்டிலை எடுத்துக்கொள்ளவில்லை. நாட்பட்ட சிக்கலோடு மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளிச்சமும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். பெரியப்பாவுக்கு அவை எதுவும் இல்லாதது அதிர்ஷ்டம். அவரோடு அடுப்படியில் நின்ற எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை.

திருவந்திபுரத்தில் இப்போது எல்.ஈ.டி. வெளிச்சத்தில் சமையல்கூடம் பகல் போலிருக்கிறது. கேஸ் அடுப்பு வந்துவிட்டது, கிரைண்டர் வந்துவிட்டது. நாலரை ஆறு மட்டும் மாறவில்லை. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முந்தின நாள் விருந்தில் உறவுக்காரர்கள் உட்காருவதற்கு முன், ஏழரைக்குள், சமையல்காரர்களுக்கு முதல் இலை போடுங்கள். முகூர்த்தம் முடிந்த கையோடு ஒவ்வொருவராக வெளியே அனுப்புங்கள், கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வரட்டும். மொய்க் கணக்கு எழுத ஆள் வைக்கிற நாம் இதற்கும் ஓர் ஆளைப் பொறுப்பாக வைக்கலாம்.